பர்மாப் பிரிவினை: ஏற்கப்படாத மூன்றாம் விடை

பர்மாவின் பாகான் நகரையடுத்த மியின்கபாவில் கிடைத்த பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று வடமொழிச் செய்யுளில் தொடங்கித் தமிழ் உரைநடையில் முடிகிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்துக் குலசேகர நம்பி என்பார், அந்நகரில் இருந்த நானாதேசி விண்ணகருக்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்த செய்தியை அது கூறுகிறது. நானாதேசிகள் என்போர் பல நாடுகளுக்கும் சென்று வணிகம் புரிந்த பெருங்குழுவினர். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் வழங்கிய வணிகர்க்கு ஐராவதி ஆற்றங்கரையில் கோயில் ஒன்று இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

பர்மாவுக்கும் நமக்கும் உள்ள உறவைப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் இக்கல்வெட்டிலிருந்து நேரே செட்டிநாட்டு மாளிகைகளின் தேக்கு மரத்தூண்களுக்குத் தாவிவிடும். இடையில் நிகழ்ந்த ஒன்றை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். 1937 ஏப்ரல் முதல் நாள், பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. ஒரே சந்தையாகவும் ஒரே நாணயமாகவும் ஒரே ஆட்சியாகவும் இருந்த கூட்டிலிருந்து ஒரு நாடு வெளியேறிய நிகழ்ச்சி அது. அந்த வெளியேற்றத்துக்காக ஏறத்தாழ ஏழாண்டுகள் பேச்சு நடந்தது, மாநாடு கூடியது, தேர்தல் நடந்தது, கடன் பங்கிடப்பட்டது, தவணை குறிக்கப்பட்டது. 2016 சூன் 23ஆம் நாள் பிரித்தானிய மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தபோது, உலக வரலாற்றில் இது புதுமை என்று நம் இதழ்கள் எழுதின. அதே பிரித்தானியா, அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னர், இவ்வாறான ஒரு பிரிவை மேசையின் இருபுறமும் தானே அமர்ந்து நடத்தியது என்பதை எழுதியவர் மிகச் சிலர். இருபுறமும் என்று சொல்வது அணி நயத்துக்காக அன்று. பிரிவுக்குப் பிறகும் இலண்டனில் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் பொறுப்பான அமைச்சர் ஒருவரே.

அத்திப்பட்டிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையின் இருமருங்கும் பர்மாவிலிருந்து திரும்பியோர் குடும்பங்கள் வாழ்கின்றன. நம் வட்டத்துக் கூட்டங்களுக்கு வருவோருள்ளும் அக்குடும்பத்தினர் உண்டு. ஆகவே பத்தாம் ஆண்டு மலருக்கு எழுதுக என்று கேட்கப்பட்டபோது, இப்பொருளை விட்டு வேறொன்றை நாட மனம் வரவில்லை.

ஒரு சந்தை, ஒரு நாணயம்

மூன்று போர்களில் பர்மா வெல்லப்பட்டது. 1826இல் கடற்கரைப் பகுதிகள், 1852இல் கீழ்ப் பர்மா, 1885இல் மாண்டலே. 1886 சனவரி முதல் நாள் மேல் பர்மாவும் சேர, நாடு முழுவதும் பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாயிற்று. பர்மியரை எவரும் கேட்டுச் சேர்க்கவில்லை. பின்னர்ப் பிரிப்பதற்கு மட்டும் கேட்டார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மாகாணமான பின் நிகழ்ந்தது பெரும் பொருளியல் மாற்றம். ஐராவதிக் கழிமுகத்தின் சதுப்புக் காடுகள் வயல்களாயின. 1930களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ முப்பது இலட்சம் டன் அரிசி அங்கிருந்து கப்பலேறியது. அதில் பாதியளவு இந்தியத் துறைமுகங்களுக்கே வந்தது. பர்மாவின் மண்ணெண்ணெய் இந்தியச் சிற்றூர்களின் விளக்குகளை எரித்தது. வயலைத் திருத்தப் பர்மிய உழவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அறுவடைக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஆள் வந்தது சென்னை மாகாணத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். அந்நகரில் கடவுச்சீட்டின்றி, நுழைவு அனுமதியின்றிக் கப்பல் கட்டணம் மட்டும் கொடுத்து இறங்கலாம். சென்னையிலிருந்து பம்பாய்க்குப் போவதும் இரங்கூனுக்குப் போவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றே.

இக்கூட்டில் பர்மியர்க்கு இருந்த குறைகள் கற்பனையல்ல. சுங்க வருவாயும் வருமான வரியும் தில்லிக்குச் சென்றன. அரிசி ஏற்றுமதித் தீர்வையின் பெரும்பகுதியைத் தந்தது பர்மா; அதுவும் நடுவண் கருவூலத்துக்கே. இந்திய எஃகுத் தொழிலைக் காக்க 1924இலும், சர்க்கரைத் தொழிலைக் காக்க 1932இலும் இறக்குமதிப் பொருள்கள்மீது காப்புத்தீர்வை விதிக்கப்பட்டது. அதனால் விலை கூடியது. அந்தக் கூடுதல் விலையைப் பர்மியரும் கொடுத்தனர், எஃகாலையோ சர்க்கரை ஆலைகளோ இருந்தது வேறிடம். ஒரே சந்தை என்றால் எல்லார்க்கும் ஒரே நன்மை என்பது பொருளன்று. ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றி ஆங்கில நாட்டு மீனவரும் உழவரும் சொன்ன குறைகளை வாசிக்கும்போது, 1920களின் இரங்கூன் சட்டமன்ற உரைகள் நினைவுக்கு வராமல் போகா.

இரண்டு விடை மட்டும் கொண்ட வினா

1929இல் பர்மா சென்று வந்த சைமன் குழு, 1930இல் வெளியிட்ட அறிக்கையில் பர்மாவைப் பிரித்துவிடுமாறு பரிந்துரைத்தது. இங்கேதான் வரலாறு திருகிக்கொள்கிறது. பிரிவை முன்மொழிந்தது ஆள்வோர். அதனாலேயே பர்மியத் தேசியவாதிகளில் பெரும்பகுதியினர் ஐயுற்றனர். இந்தியா தன்னாட்சியை நோக்கி விரைகிறது. அதனோடு சேர்ந்திருந்தால் நமக்கும் கிடைக்கும். தனியே பிரித்து, காலமெல்லாம் அடிமை நாடாக வைத்திருக்கவே இவர்கள் பிரிவைப் பேசுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். மறுசாரார், இந்தியக் கூலியாளின் போட்டியும் செட்டியாரின் வட்டியும் ஒழியப் பிரிவே வழி என்றனர். 1930 மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்க்கும் பர்மியர்க்கும் மூண்ட கலவரமும், அவ்வாண்டு இறுதியில் சாயா சான் தலைமையில் எழுந்த உழவர் கிளர்ச்சியும் இந்த வாதத்துக்குப் பின்னணி.

1931 நவம்பரில் இலண்டனில் பர்மா வட்டமேசை மாநாடு கூடியது. இந்திய வட்டமேசை மாநாட்டை எல்லா நூல்களும் விரித்துரைக்கின்றன. இதற்கு ஒரு பத்தி ஒதுக்கும் நூலும் அரிது. 1932 சனவரி 12ஆம் நாள் மாநாட்டை முடித்துவைத்த தலைமையமைச்சர் ராம்சே மக்டொனால்டு, பர்மிய மக்கள் முன் இரண்டு விடைகளை வைத்தார். ஒன்று, தனியாட்சி அமைப்போடு இந்தியாவிலிருந்து பிரிவது. மற்றொன்று, வரவிருக்கும் இந்தியக் கூட்டாட்சியில் ஒரு மாகாணமாகச் சேர்வது. சேர்ந்தபின் விரும்பியபோது விலகிக்கொள்ளும் உரிமை கிடையாது என்பதையும் அவர் தெளிவாக்கினார். பொதுத்தேர்தலில் மக்கள் முடிவு செய்யட்டும் என்றார்.

மக்கள் முடிவு செய்தார்கள். 1932 நவம்பர்த் தேர்தலில் பிரிவினை எதிர்ப்பாளர் 42 இடங்களும் பிரிவினை வேண்டியோர் 29 இடங்களும் பெற்றனர். எதிர்ப்பணியின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் டாக்டர் பா மா, சாயா சானுக்காக வழக்காடிப் புகழ்பெற்றவர். அவ்வணிக்கு இந்திய வணிகரின் பணம் பாய்ந்தது என்பது அக்காலக் குற்றச்சாட்டு. பிரிவை இந்திய வணிகர் விரும்பவில்லை என்பது உண்மையே. ஆயினும் சிற்றூர்தோறும் துறவியரும் தேசியச் சங்கத்தாரும் திரட்டிய வாக்கைப் பணத்தின் கணக்கில் எழுதிவிடுவது பர்மிய உழவனின் அரசியல் அறிவைக் குறைத்து மதிப்பதாகும் என்பது என் கருத்து.

வென்றவர்கள் எதை வேண்டினார்கள்? அவ்வாண்டு திசம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் விடை தருகிறது. மக்டொனால்டு வரைந்த அமைப்பின்படி பிரிவதை அது எதிர்த்தது. நிலையான, நிபந்தனையற்ற கூட்டாட்சியையும் அது எதிர்த்தது. இப்போது சேர்வோம், வேண்டாதபோது விலகும் உரிமையோடு சேர்வோம் என்பதே அதன் சாரம். இதுதான் மூன்றாம் விடை. வினாத்தாளில் அதற்கு இடமில்லை. 1933 வேனிலில் மீண்டும் கூட்டப்பட்ட சட்டமன்றச் சிறப்புக் கூட்டம் நாள் கணக்கில் பேசிப் பேசி, தெளிவான முடிவு எதுவுமின்றிக் கலைந்தது. இரண்டில் ஒன்றைச் சொல்லாததால் இரண்டில் ஒன்றை இலண்டன் தானே தேர்ந்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு 1934இல் பிரிவைப் பரிந்துரைத்தது. 1935இல் பர்மா அரசுச் சட்டம் வந்தது.

விலகும் உரிமை வேண்டும் என்ற பர்மியர் கேட்டதில் புதுமையோ குதர்க்கமோ இல்லை. 2009இல் நடைமுறைக்கு வந்த இலிசுபன் உடன்படிக்கையின் ஐம்பதாம் பிரிவு அதைத்தான் எழுதி வைத்தது. ஓர் உறுப்பு நாடு விலக நினைத்தால் அறிவிப்புக் கொடுக்கலாம், இரண்டாண்டுக்குள் உடன்பாடு காணலாம் என்கிறது அப்பிரிவு. அதைப் பயன்படுத்தி 2017 மார்ச்சு 29ஆம் நாள் அறிவிப்புக் கொடுத்தது, 1932இல் அத்தகைய உரிமை தர இயலாது என்ற அதே பிரித்தானியா. இன்னொன்றும் உண்டு. பர்மியர் சேர்ந்தால் மீள முடியாது என்று அச்சுறுத்தப்பட்ட அந்த இந்தியக் கூட்டாட்சி, சமத்தான மன்னர்கள் இணங்காமையால் கடைசிவரை பிறக்கவேயில்லை. 1939இல் போர் தொடங்கியதும் அம்முயற்சி கைவிடப்பட்டது. இல்லாத வீட்டிலிருந்து வெளியேற வழியுண்டா என்றுதான் ஈராண்டுகள் வாதிட்டிருக்கிறார்கள்.

கடனும் பண்டமும்

பிரிவென்று முடிவானதும் பாகப்பிரிவினை தொடங்கியது. நம் ஊர்களில் பங்காளிகள் பிரியும்போது முதலில் பேசப்படுவது கடன்; அங்கும் அவ்வாறே. பிரித்தானிய இந்தியாவின் கடன்களிலும் ஓய்வூதியப் பொறுப்புகளிலும் பர்மாவின் பங்கு எவ்வளவு? இதை வகுக்க லியோ அமெரி தலைமையில் ஒரு நடுவர் குழு அமைக்கப்பட்டு 1935இல் அறிக்கை தந்தது. அதன் முடிவு, நூற்றுக்கு ஏழரை பங்கு பர்மாவைச் சேரும் என்பது. பர்மா இதைப் பல்லாண்டுத் தவணையில் இந்தியாவுக்குச் செலுத்த வேண்டும்.

தன்னை வென்ற போரின் செலவும் கலந்திருக்கும் கடனைத் தோற்றவனே கட்டவேண்டுமா என்ற வினா எழுவது இயல்பு. இதில் நமக்கு ஒரு சிறு தொடர்பு உண்டு. இந்தியா சுமக்கும் கடனில் எது முறையானது, எது ஆங்கிலேயர் தம் நலனுக்காகச் செய்தது என்று ஆராய 1931இல் காங்கிரசு ஒரு குழுவை அமைத்தது. தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா அதில் பணியாற்றினார். பர்மியப் போர்களின் செலவை இந்தியா ஏற்கத் தேவையில்லை என்பது அக்குழு எடுத்துரைத்தவற்றுள் ஒன்று. அந்தச் செலவு இந்தியாவுக்கும் உரியதன்று, பர்மாவுக்கும் உரியதன்று என்றால் அது யாருடையது என்பது வெளிப்படை. அந்த மூன்றாமவர்தாம் நடுவராக அமர்ந்திருந்தார்.

பண்டங்களுக்கு வழி எளிதாகக் கிடைத்தது. 1937இன் வணிக ஒழுங்காணை, இரு நாட்டுக்குமிடையே இருந்த தீர்வையற்ற வணிகத்தைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்கு அப்படியே நிறுத்தி வைத்தது. அதன் பின்னர் ஓராண்டு அறிவிப்புக் கொடுத்து மாற்றலாம். நாணயமும் உடனே பிரியவில்லை. 1935இல் தோன்றிய இந்திய ரிசர்வ் வங்கியே பர்மாவுக்கும் நாணயத்தாள் வெளியிட்டது. சப்பானியர் ஆட்சிக்காலம் நீங்கலாக, 1947 ஏப்ரல் வரை அதுவே பர்மா அரசின் வங்கி. அரசியலில் பிரிந்து பொருளியலில் ஒட்டியிருந்த அந்த இடைக்காலத்தை இன்றைய ஆட்சியறிஞர் மாறுகாலம் என்பர். பிரித்தானியா 2020 சனவரி 31 அன்று ஒன்றியத்தை விட்டு வெளியேறியும், அவ்வாண்டு இறுதிவரை பழைய வணிக விதிகளிலேயே இருந்ததும் இதுவே.

ஆனால் ஒரு வேறுபாடு, அதுவே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் பேச்சைத் தொடங்கும்போதே ஒரு வரிசையை வற்புறுத்தியது. எல்லை கடந்து வாழும் குடிமக்களின் உரிமை, கொடுக்கவேண்டிய பணம், அயர்லாந்து எல்லை, இம்மூன்றிலும் போதிய முன்னேற்றம் கண்ட பின்னரே வணிகப் பேச்சு என்றது. பர்மாப் பிரிவில் மனிதர்க்குத் தனி இடம் கிடைக்கவில்லை. குடியேற்றம் பற்றியும் 1937இல் ஓர் ஆணை வந்தது. இந்தியர் பர்மா செல்வது இப்போதுள்ளபடி நடக்கலாம் என்றது. அதற்கும் மூன்றாண்டுதான் காப்பு. மண்ணெண்ணெய்க்குக் கொடுத்த தவணையையே மனிதர்க்கும் கொடுத்தார்கள். ஏற்கெனவே அங்கு வாழும் பத்து இலட்சம் பேர் யார், பர்மாவின் குடிகளா, விருந்தினரா, அயலாரா என்ற வினாவைப் பிரிவின்போது எவரும் தீர்க்கவில்லை.

அடகுக்கு வந்த வயல்கள்

இங்கே செட்டியார்களின் நிலையைத் தனியே பேச வேண்டும். 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் அவர்கள் ஈடுபடுத்திய முதல் ஏறத்தாழ எழுபத்தைந்து கோடி உரூபாய் என்று அந்நாட்டு வங்கியியல் விசாரணைக்குழு மதிப்பிட்டது. இரங்கூன் மொகல் தெருவின் கிட்டங்கிகளிலிருந்து கழிமுகத்தின் கடைக்கோடிச் சிற்றூர் வரை அவர்கள் கடைகள் பரவியிருந்தன. பெட்டியடிப் பையனாகச் சென்றவன் அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்றாண்டுத் தவணை முடித்து ஊர் திரும்புவான், மீண்டும் போவான். முந்நீர்ப் பயணம் மகளிரொடு இல்லை என்று தொல்காப்பியம் வகுத்த இலக்கணத்தை, அதைப் படித்தறியாத கணக்குப்பிள்ளைகளும் வழுவாது காத்தனர். பொருள்வயிற் பிரிவைப் பாடிய நம் அகமரபு பாலை நிலத்தைப் பாடிய அளவுக்குக் கப்பலின் மேல்தளத்தைப் பாடவில்லை என்பதைக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

1930க்குப் பின் உலகப் பொருளியல் மந்தத்தால் நெல் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. உழவனால் கடனைத் திருப்ப இயலவில்லை. ஈடாக வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டியார் நிலப்பங்கு 1938இல் இருபத்தைந்தாயிற்று. நிலம் எங்களுக்கு வேண்டாம், பணமே வேண்டும் என்று அவர்கள் சங்கத்தார் திரும்பத் திரும்பக் கூறினர், அது மெய். சுழலவேண்டிய முதல் மண்ணில் முடங்கிப்போனது. ஆனால் பாட்டன் திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நிற்கும் பர்மியனிடம் இந்த நுணுக்கத்தைச் சொல்லிப் பயனென்ன? கடல் கடந்த தமிழர் பெருமையை எழுதும்போது நாம் அந்த உழவனை வசதியாக மறந்துவிடுகிறோம்.

பிரிவுப் பேச்சில் செட்டியார்கள் தேடியது காகிதக் காப்பு. பாகுபாடான சட்டம் வராமல் தடுப்பது ஆளுநரின் சிறப்புப் பொறுப்பு என்று சட்டத்தில் எழுதப்பட்டது. 132 உறுப்பினர் கொண்ட கீழவையில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் சங்கத்துக்கென்றே ஓர் இடமும் ஒதுக்கப்பட்டது. ஒரு கூட்டத்தார் நாட்டின் நான்கில் ஒரு பங்கு நல்ல வயலை வைத்துக்கொண்டு, 132இல் ஓர் இருக்கையால் அதைக் காத்துக்கொள்ள முடியும் என்று நம்பியது வியப்பே. பிரிந்த பர்மாவின் முதல் தலைமையமைச்சரானவர், பிரிவை எதிர்த்து வென்ற அதே டாக்டர் பா மா. 1939இல் குத்தகைச் சட்டம், 1941இல் நில விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் நிலத்தை அரசு வாங்கும் சட்டமும் வந்தன. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் மிச்சத்தை முடித்தது. ஈடு கோரிய மனுக்கள் தில்லிக்கும் இரங்கூனுக்குமிடையே நெடுங்காலம் அலைந்தன.

மூன்றாண்டுத் தவணை முடிந்தபோது

தவணை முடிந்தது. பண்டங்களுக்குப் புதிய வணிக ஒப்பந்தம் 1941இல் ஒழுங்காக உருவானது. மனிதர்க்கான பேச்சோ அப்போதுதான் தொடங்கியது. 1938இல் இரங்கூனிலும் பிற ஊர்களிலும் இந்தியர்க்கெதிராகப் பெருங்கலவரம் மூண்டதையடுத்து, இந்தியர் குடியேற்றத்தை ஆராயும் பணி 1939இல் சேம்சு பாக்சுட்டர் என்னும் நிதி ஆலோசகரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. இந்தியத் தொழிலாளர் பர்மியரின் வேலையைப் பறித்துவிட்டனர் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே அவர் கண்டார். ஆயினும் வரவை இரு அரசுகளும் பேசி முறைப்படுத்த வேண்டும் என்றார்.

1941 சூனில் கிரிசா சங்கர் பாச்பாய் தலைமையில் இந்திய அரசுக் குழு இரங்கூன் சென்றது. எதிரே அமர்ந்தவர் தலைமையமைச்சர் ஊ சா. விளைந்த உடன்பாட்டின்படி, இனிப் பர்மா செல்ல இந்தியனுக்குக் கடவுச்சீட்டும் அனுமதியும் வேண்டும். நீண்ட காலம் தங்குவோர்க்கு 'ஏ' என்றும் குறுகிய காலத்தார்க்கு 'பி' என்றும் அனுமதிகள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு சூலையிலேயே பயிற்சியற்ற தொழிலாளர் வருகை நிறுத்தப்பட்டது. பர்மியப் பெண்ணோடு இல்லறம் நடத்தும் குடியேறியின் அனுமதியைத் தொடும் விதியொன்றும் அதில் இருந்தது. ஆடவரை மட்டுமே கப்பலேற்றி அனுப்பிய நூற்றாண்டு வழக்கத்தின் விளைவுக்கு அரசுகள் கண்ட தீர்வு அது. காந்தியடிகள் இவ்வுடன்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். சென்னை மாகாணத்திலும் எதிர்ப்பு எழுந்தது. அங்கு வாழும் இந்தியரைக் கலக்காமல் செய்த உடன்பாடு என்பது முதன்மையான குறை. இந்திய அரசு தயங்கியது. திருத்தம் பேச நினைத்தது. அதற்குள் 1941 திசம்பர் 23 அன்று இரங்கூன்மீது சப்பானியக் குண்டுகள் விழுந்தன.

அப்புறம் நிகழ்ந்ததை நம் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1942 மார்ச்சு 8ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. அரக்கான் வழியாகவும், தமு கடந்து மணிப்பூர் வழியாகவும் நான்கு முதல் ஐந்து இலட்சம் இந்தியர் நடந்தே வந்தனர்; வழியில் மாண்டோர் பல்லாயிரம். வெ. சாமிநாத சர்மா அவ்வழி வந்தவர். 1932இல் பர்மா சென்ற அவர், பிரிவு நடந்த அதே 1937இல் இரங்கூனிலிருந்து 'ஜோதி' என்னும் திங்களிதழைத் தொடங்கி நடத்தினார். உலக அரசியலைத் தமிழில் விளக்கியதில் அவருக்கு இணை சொல்வது கடினம். இரங்கூனில் அரசியல் எல்லை விழுந்த ஆண்டில் அங்கே ஒரு தமிழ் இதழ் பிறந்தது என்பது, அன்றைய தமிழர் அப்பிரிவை எவ்வளவு நம்பவில்லை என்பதற்குச் சான்று. அவருடைய 'எனது பர்மா வழிநடைப் பயணம்' நம் உரைநடையின் அரிய நூல்களில் ஒன்று. வட்டத்து இளங்கவிஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். பர்மா அரிசி நின்றதன் விளைவை மறு ஆண்டு வங்காளம் பஞ்சத்தில் கண்டது. அந்த அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரும் தவித்தது.

1948 சனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றது. அதற்கு முந்திய ஆண்டு அவர்கள் இயற்றிய அரசமைப்பில் வியப்பான ஓர் இயல் உண்டு. சான், கரென்னி நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்து பத்தாண்டு கழிந்தபின், விரும்பினால் விலகிக்கொள்ளலாம். அதற்கான வாக்கெடுப்பு முறையும் எழுதப்பட்டிருந்தது. 1932இல் தங்களுக்கு மறுக்கப்பட்ட மூன்றாம் விடையைத் தம்மினும் சிறியவர்க்கு எழுதிக்கொடுத்தார்கள். கொடுக்கும் வாய்ப்பு வந்தபோது நிலைமை வேறாயிற்று. பத்தாண்டுக்குப் பின் சான் தலைவர்கள் கூட்டாட்சித் திருத்தம் பேச இரங்கூனில் கூடியிருந்த வேளையில், 1962 மார்ச்சு 2 அன்று படைத்தலைவர் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். நாடு சிதறாமல் காக்கவே வந்தோம் என்றது படை. அரசமைப்பே நீக்கப்பட்டது.

கடைகளும் வணிக நிறுவனங்களும் நாட்டுடைமையாயின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு சாட் நாணயத்தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்காமல், அது தேவையென்றே அறியாமல் இருந்த இந்தியர் பலர். 1937இல் தீர்க்காது விட்ட வினாவுக்கு இப்போது விடை கிடைத்தது. ஏறக்குறைய 1.44 இலட்சம் பேர் பர்மாவிலிருந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பினர். வியாசர்பாடி முதலிய இடங்களில் குடியிருப்புகள் எழுந்தன. கடற்கரை நிலையத்தையடுத்து 1969இல் பர்மா பசார் வரிசையாயிற்று. அத்தோவும் மோகிங்காவும் சென்னைத் தெருவின் மாலைநேர உணவுகளாயின.

வந்தவர்களில் சிலர்க்கு இங்கே கால் தரிக்கவில்லை. பிறந்த மண் பர்மாதானே என்று, தந்தையர் 1942இல் நடந்துவந்த வழியிலேயே திரும்பி நடந்தனர். மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேவில், தமுவுக்கு எதிரே, பர்மியக் காவலர் அவர்களைத் தடுத்து நிறுத்தினர். பர்மா கண்ணுக்குத் தெரியும் அவ்விடத்திலேயே அவர்கள் தங்கிக் கடை வைத்தனர், கோயில் எழுப்பினர், தமிழ்ச் சங்கமும் கண்டனர்.